லொம்பாட் அக்கா

அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் லொம்பாட் அக்கா. லொம்பாட் என்றால் மலாயில் தாவுவது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று தாவிக்கொண்டே இருந்தவர் என்பதால் அந்தப் பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவரே, "ஏய், லொம்பாட் வந்துட்டேன், கோப்பி ஊத்துங்கலா" என்று சமையலறைக்குள் நுழைந்தபோது எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எந்த ஊரில் இருந்தாலும் ஃபோன் போட்டுத் திட்டுவார்.

ஈப்போவில் சிலிபின் பக்கம் ஒரு பழைய பங்களாவில் நடந்துகொண்டிருந்த முதியோர் இல்லத்தில் இருவரும் வேலை பார்த்தோம். நான் சேர்ந்து கொஞ்ச காலம் கழித்து அவர் வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஒல்லியான, நீளமான உடம்பு. கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, யாரோ எங்கிருந்தோ கூப்பிடுகிற மாதிரியே நடப்பார். நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பார். சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவார். டிவியில் படம் ஓடினால் பாதியில் எழுந்துபோய்த் துணி மடிப்பார்.

"முடிவு என்னாச்சுன்னு தெரிய வேணாமா அக்கா?"

"எல்லாப் படமும் ஒரு கட்டத்துக்கு மேல இழுத்துக்கிட்டுத்தான் போவும் ரோஸி. அதுக்குள்ள எழுந்துறணும்."

ரோஸி என்பது நான்தான். ஞானஸ்நானப் பெயர் நீளமானது, அதை முழுசாகச் சொல்லும் பொறுமை அவருக்கு இல்லை.

இல்லத்தை அப்போது நடத்தியவர் ஓய்வுபெற்ற தாதி ஒருவர். இங்கே தாதிகளை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், அவரையும் அப்படியே. அக்காவை வேலைக்கு எடுக்கும்போது மிஸ்ஸி கேட்டார்: "இத்தனை எடத்துல வேல செஞ்சிருக்கீங்க. இங்க எத்தன நாளைக்கு இருப்பீங்க?"

"தெரியல மிஸ்ஸி. ஆனா போறப்ப சொல்லிட்டுத்தான் போவேன். ஓடிப் போவ மாட்டேன்."

மிஸ்ஸி சிரித்துவிட்டார். அன்றைக்கே சீருடை கொடுத்தார்.

வேலையில் அக்காவைக் குறை சொல்ல முடியாது. கிழவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது அவர் கை படுவதே தெரியாது. குளிப்பாட்டும்போது முதலில் தன் முழங்கையில் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பார். யாராவது கோபத்தில் கடித்தால்கூட, "பல்லு நல்லா இருக்கு, கஞ்சிக்குப் பதிலா சோறே குடுக்கலாம்" என்று கையைத் துடைத்துக்கொள்வார். இப்படிப்பட்டவர் ஏன் எந்த இடத்திலும் தங்குவதில்லை என்பது எங்களுக்குப் புரியாத விஷயம்.

பின்கட்டில் துணி காயப்போடும்போது பழைய வேலைகளைப் பற்றிச் சொல்வார். வரிசையாகச் சொல்ல மாட்டார். அவற்றை நான்தான் பிறகு மனசுக்குள் அடுக்கிப் பார்த்தேன், அப்போதும் சரியாக அடுக்க முடியவில்லை.

கையுறைத் தொழிற்சாலையில் இருந்தாராம். ஆரம்பத்தில் அந்த மருந்து நாற்றத்தில் சோறு இறங்காதாம். பிறகொருநாள் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்துல எப்படிக்கா இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "நாத்தமா? எங்க?" என்று அக்கா மோந்து பார்த்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. அந்த மாதத்தோடு நின்றுவிட்டார்.

ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தாராம். கடைக்காரர் முந்தின நாள் மீன்கறியைப் புதுக்கறியில் கலக்கச் சொன்னார்.

"மொத தடவ சொன்னப்ப சண்ட போட்டேன். அடுத்த தடவ முணுமுணுத்தேன். அதுக்கடுத்த தடவ அவரு வாயத் தொறக்கல. என் கை தானா கரண்டிய எடுத்துருச்சு ரோஸி. எடுத்ததப் பாத்தேன். அப்பவே ஏப்ரனக் கழட்டி மேசைமேல வச்சுட்டு வந்துட்டேன். உள்ள கூட்டம், பசியோட நிக்கிறாங்க. பாவம்."

இந்தக் கதைகளைக் கேட்டால் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. ஆனால் காம்பாரில் மாணவிகள் விடுதி ஒன்றில் பார்த்த வேலையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் என்னவோ போலிருந்தது. நல்ல வேலை. தங்க இடம், சாப்பாடு, படிக்கிற பிள்ளைகளின் சத்தம். பிள்ளைகள் இவரை அம்மா என்றே கூப்பிட்டார்களாம்.

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"லீவுக்கு அதுங்க வீட்டுக்குப் போவுதுங்க. எனக்குக் கோவம் வருது. 'நம்மள விட்டுட்டுப் போவுதுங்களே'ன்னு. யாரு வீட்டுப் பிள்ளைங்க அதுங்க? அவங்கவங்க அம்மாகிட்டப் போவுதுங்க. எனக்கு என்ன கோவம்?" ஈரத் துணியை உதறினார். "அது நல்லதுக்கில்ல. வந்துட்டேன்."

நல்லது கிடைத்தாலும் கிளம்பிவிடுகிற மனிதரை எந்த வகையில் சேர்ப்பது? புருஷனைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "அதுவும் நின்னாச்சு" என்று முடித்துவிட்டார். அந்தத் தொனியில் வருத்தம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. அவர் விட்டு வந்த இடங்களில் சில பிறகு மூடப்பட்டன. ஒரு பேரங்காடி, இவர் வேலையை விட்ட கொஞ்ச நாளில் கதவைச் சாத்தியது. கையுறைத் தொழிற்சாலையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆக, லொம்பாட் அக்காவுக்கு மூக்கு உண்டு, மூழ்கப்போகிற கப்பலின் எலி மாதிரி முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று பேச்சு பரவியது. அவர் ஒருநாள் காய்ச்சலில் வரவில்லையென்றால்கூட இல்லத்தில் எல்லோர் முகமும் மாறிவிடும். மிஸ்ஸியே ஒருமுறை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார்.

நான் இதை அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தொட்டித் திட்டின் விளிம்பில் உட்கார்ந்து, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அதைப் பேசிக் கேட்டதில்லை.

தைப்பிங்குக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பாவுக்கு, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தோட்டம் கைமாறியது. ஒவ்வொரு குடும்பமாக ஈப்போவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் கிளம்பியது. அப்பா கிளம்பவில்லை. ஆள் இருக்கிறவரைக்கும் தண்ணீர் வேண்டும், நான் போனால் பம்பை யார் பார்ப்பது என்றார். ஆள் குறையக் குறைய அவருக்குப் பிடிவாதம் கூடியது. கடைசியில் லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் விளக்கு எரிந்தது, அது இவர்கள் வீடு. தன் வீட்டுக்குத் தானே தண்ணீர் ஏற்றி, நேரம் தவறாமல் பம்ப் அறைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் ஒரு காலையில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. முன்பெல்லாம் லயத்தில் மூன்று நான்கு வீடுகளில் கார் இருந்தது. இப்போது எவருமில்லை. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போனார். ஆளும் வண்டியும் வருவதற்குள் முடிந்துவிட்டது.

"கடைசி ஆளா இருக்கக்கூடாது ரோஸி. கடைசி ஆளத் தூக்கிட்டுப் போவ ஆளு இருக்காது" என்றார். உடனே எழுந்துபோய்விட்டார். மிச்சத் துணியை நானே காயப்போட்டேன்.

இல்லத்தின் மேல்மாடியில் சன்னலோரக் கட்டிலில் ஒரு சீனக் கிழவி இருந்தார். நாங்கள் போபோ என்போம், கந்தோனீஸில் பாட்டிகளைக் கூப்பிடும் சொல். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் போபோ அச்சு அசலாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார், அதிலும் வசவுகள் சுத்தமாக வரும். பிள்ளைகுட்டி என்று யாரும் இல்லை. கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் மகன் எப்போதாவது வருவார்.

போபோவுக்கும் அக்காவுக்கும் விடிந்தால் சண்டை.

"அடியே எரும, கஞ்சியா இது? சட்டி கழுவுன தண்ணி!"

"குடி கெழவி. உனக்கு ஆக்கிப்போட வெள்ளைக்காரனா வருவான்?"

"உன் கையில தின்னா பேதிதான்டி வரும்."

"வரட்டும். அதையும் நான்தானே கழுவணும்."

அப்படித் திட்டிக்கொண்டே போபோ கிண்ணத்தைக் காலி செய்வார். வேறு யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்வார். நான் எத்தனையோ தடவை முயன்று பார்த்துத் தோற்றிருக்கிறேன். அக்காவின் விடுமுறை நாளில் போபோ அரைக் கிண்ணம்கூடச் சாப்பிட மாட்டார். இது அக்காவுக்குத் தெரியும். தெரிந்து அவர் சந்தோஷப்படவில்லை. "இது சரியில்லலா" என்று முணுமுணுத்தபடி மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்குவார்.

பிறகு மிஸ்ஸிக்கு முட்டி வலி அதிகமாகி, இல்லத்தை ஒருவரிடம் விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டார். புதிதாக வந்த பாஸ் வியாபாரம் தெரிந்தவர். கத்த மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். வேலையை விட்டுப் போனவர்களுக்குப் பதிலாக ஆள் எடுக்க மட்டும் மாட்டார். கஞ்சி இளகியது. பெரியவர்களுக்குப் போடும் டயப்பரை நனைந்து கனத்த பிறகுதான் மாற்றலாம் என்று உத்தரவு வந்தது. கேட்டால், "பார்க்கலாம், பார்க்கலாம், அடுத்த மாசம்" என்பார்.

எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தார்கள். சமையல் பார்த்த பெண் நேராகவே கேட்டாள்: "அக்கா, போறீங்களா?"

"போவேன்."

"எப்போ?"

"போறப்ப போவேன்."

அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. அந்த வாரமே வேலையை விட்டு நின்றாள். அவளைத் தொடர்ந்து மற்றவர்களும் கிளம்பினார்கள். பகல் வேலைக்கு முடிவில் அக்காவும் நானும்தான் மிஞ்சினோம், எங்கள் இருவருக்கும் இரண்டு மாடி. நான் இருந்ததற்குக் காரணம் சாதாரணமானது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், நாட்கணக்கில் வெளியூரில் இருப்பார். மகளின் பள்ளி அடுத்த தெருவில். வேறு வேலை என்றால் அவளை யார் அழைத்து வருவது?

அக்காவுக்கு அப்படி ஒரு கட்டும் இல்லை. ஆனாலும் அவர் போகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இளைத்துப்போனார். ஓய்வு நேரத்தில் உட்காரவே மாட்டார். கேட்வரைக்கும் நடப்பார், திரும்பி வருவார், மறுபடியும் நடப்பார். கூண்டில் இருக்கும் பிராணி மாதிரி. ஒருநாள் மதியம் சீருடையை மாற்றிக்கொண்டு, கைப்பையோடு, என்னிடம் எதுவும் சொல்லாமல் வெளியே போனார். போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் சொல்லாமல் போகிறாரே என்றும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மறுபடியும் சீருடையை மாட்டினார்.

"பஸ் வரலையா?"

"வந்துச்சு. கெழவி கத்துன சத்தம் கேட்டுச்சு."

"பஸ் ஸ்டாண்டு வரைக்குமா?"

"கேட்டுச்சுலா" என்றார் எரிச்சலோடு.

போபோ அதற்குள் இரண்டு முறை கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து விழுந்திருந்தார். நெற்றியில் காயம். கட்டிப் போடச் சொன்னார் பாஸ். பழைய சாரோங் கைலியைக் கிழித்து மணிக்கட்டில் சுற்றிக் கட்டில் கம்பியோடு கட்டினால் போதும், வலிக்காது, மற்ற இடங்களிலும் இப்படித்தான் என்றார். துணிகளைக் கிழித்துக்கூடக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

"என் கை இருக்கிற வரைக்கும் யாரையும் கட்ட மாட்டேன் பாஸ்" என்றார் அக்கா. ஒரு நாள் இல்லை, பல நாட்கள் சொன்னார். அந்த நாள் காலையில்கூடச் சொன்னார், நான் கேட்டேன்.

அன்று மதியம் நான் கீழே ஒருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மேலே அக்கா தனி. கோடிக் கட்டிலில் இருந்த பெரியவருக்குச் சாப்பாடு புரையேறி முகம் நீலமாகிவிட்டது. அதே நேரத்தில் போபோ ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டார். அக்கா ஓடிப்போய் அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டார். போபோ மறுபடியும் இறங்கினார். அக்கா குனிந்து அந்தத் துணியை எடுத்தார். கட்டினார். ஓடினார்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, நிமிர்த்தி உட்கார வைத்து, அதற்குள் இன்னொருவர் கூப்பிட, அவரைப் பார்த்து, அவருக்குப் பக்கத்தில் இருந்தவரின் படுக்கை நனைந்திருக்க அதை மாற்றி, அப்படியே பொழுது போய்விட்டது. போபோ சத்தம் போடவில்லை. சத்தம் வராததால் அக்காவுக்கு ஞாபகமும் வரவில்லை.

மாலைக் கஞ்சியை இருவரும் சேர்ந்தே மேலே கொண்டுபோனோம். போபோ அசையாமல் படுத்திருந்தார். மணிக்கட்டு சிவந்து வீங்கியிருந்தது. அக்கா கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டேன். வசவு வரும் என்று நான் காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போபோ அக்காவை அண்ணாந்து பார்த்து, மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்: "மிஸ்ஸி, நான் இனிமே எறங்க மாட்டேன். கொஞ்சம் அவுத்து விடுறீங்களா?"

அடியே என்று கூப்பிட்ட வாய். அக்கா முடிச்சை அவிழ்த்தார். இறுகிப்போயிருந்தது, நகத்தால் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. பிறகு கஞ்சி ஊட்டினார். போபோ கடைசி வாய்வரைக்கும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். முடித்ததும், "நன்றிங்க" என்றார்.

கீழே வந்து அக்கா கை கழுவினார். கழுவிக்கொண்டே நின்றார். குழாயை நான்தான் மூடினேன்.

"போயிருக்கணும் ரோஸி. எப்பவோ போயிருக்கணும். தெரிஞ்சும் நின்னேன்."

"நீங்க போயிருந்தா அந்தப் பெரியவரு இன்னிக்குச் செத்திருப்பாரு அக்கா."

"அதனாலதான் நின்னேன். நின்னதாலதான் கட்டுனேன். இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

மறுநாள் அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் வந்தார். பகல் வேலைக்கு இல்லை, என் வீட்டு வாசலுக்கு. நான் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ராத்திரி வேலைப் பெண்ணை மதியம்வரைக்கும் இருக்கச் சொல்லியாச்சு, சமூக நலத்துறை அலுவலகத்துக்குப் போகிறேன், மலாய் எனக்குத் தடுக்கினால் நீ எடுத்துக் குடு என்றார். அவர் மலாய் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அதை நான் சொல்லவில்லை.

அங்கே ஒரு மலாய்க்கார அதிகாரி அம்மா பொறுமையாகக் கேட்டார். கஞ்சி, டயப்பர், ஆள் இல்லாதது எல்லாம் சொல்லி முடித்து, கட்டிவைப்பதைப் பற்றிச் சொன்னதும் அவர் நிமிர்ந்தார். யார் கட்டியது என்று கேட்டார். பாஸின் பெயரைச் சொன்னால் போதும். கட்டச் சொன்னவர் அவர்தானே. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"சாயா" என்றார். நான் என்பதற்கு மலாய்ச் சொல். சொல்லிவிட்டுத் தன் வலது கையை மேசைமேல் வைத்தார், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது போல.

அந்த வாரத்திலேயே ஆட்கள் வந்து பார்த்தார்கள். பிறகு இல்லத்தை மூடச் சொல்லிவிட்டார்கள். பெரியவர்களை வெவ்வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அக்காவைப் போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள், அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. பாஸ் எனக்கு ஃபோன் செய்து, உங்களால்தான் இத்தனை பேர் நடுத்தெருவில் என்றார். ஒரு கணம் அது உண்மை போலவும் இருந்தது. ஆனால் யாரும் தெருவில் நிற்கவில்லை. எல்லோருக்கும் ஒரு கட்டில் கிடைத்தது. எனக்கும் சில மாதங்களுக்குப் பிறகு டயாலிசிஸ் நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தது. அக்காவை மட்டும் ஈப்போவில் எந்த இல்லமும் எடுக்கவில்லை. செய்தி போய்விட்டிருந்தது.

போபோ கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்துக்குப் போனார். நானும் அக்காவும் பார்க்கப் போனோம். போபோ எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்று, "வாங்க மிஸ்ஸி, ஒக்காருங்க" என்றார். அக்கா கொண்டுபோயிருந்த கஞ்சியை ஊட்டினார். "நல்லா இருக்குங்க." அடுத்த முறை போனபோதும் அதே வாங்க, அதே நன்றிங்க. அக்கா வேண்டுமென்றே சீண்டிப் பார்த்தார்: "என்ன கெழவி, பேதி ஆவலையா?" போபோ பயந்துபோய், "இல்லங்க, இல்லங்க" என்றார்.

திரும்பும்போது இல்லத் தலைவி சிஸ்டர் எங்களை வாசலில் நிறுத்தினார். தமிழ் சிஸ்டர், பாகான் செராய்க்காரர். "இங்க ஆளு பத்தல. நீங்க வந்து சேர்ந்துக்கிறீங்களா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"நான் என்ன செஞ்சேன்னு தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும். நீங்களே போய்ச் சொன்னதும் தெரியும்."

நான் சந்தோஷத்தில் அக்காவின் கையைப் பிடித்துவிட்டேன். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"இல்ல சிஸ்டர். வேணாம்."

பஸ் ஸ்டாண்டில் நான் அவரோடு சண்டை போட்டேன். தேடி வந்ததைத் தள்ளுகிறீர்களே, அவர்களே மன்னித்துவிட்டார்கள், உங்களுக்கு என்ன திமிர் என்றெல்லாம் கேட்டேன். அவர் நடைபாதை விளிம்பில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே கேட்டார்.

"இனிமே கட்ட மாட்டேன்னு சொல்லித்தானே ரோஸி சேரணும்? அன்னிக்குக் காலையிலகூடச் சொன்னேனே. நீ கேட்ட இல்ல? அப்ப நிஜமாத்தான் சொன்னேன்." நின்றார். "ஆளு பத்தலன்னு அவங்களே சொல்றாங்க. அங்கயும் ஒரு நாள் ரெண்டு பேரு ஒரே நேரத்துல கூப்புடுவாங்க. அன்னிக்கு இந்தக் கை என்ன பண்ணும்னு எனக்குத் தெரியல. தெரியாத கையோட மனுசங்களத் தொடக்கூடாது."

எத்தனையோ வேலைகளை விட்டிருக்கிறார். அன்று விட்டதைப் போல அவருக்கு வலித்த எதையும் நான் பார்த்ததில்லை. சிஸ்டருடைய உறவினர் ஒருவர் மூலமாகவே பாகான் செராயில் அரிசி ஆலை ஒன்றில் வேலை கிடைத்தது. போய்விட்டார். எப்போதாவது ஃபோனில் பேசுவார். "இங்க யாரும் என்னக் கூப்புடுறதில்லலா. மெசின் மட்டுந்தான் கத்துது" என்பார். அது நல்லதா கெட்டதா என்று கேட்டால், "தெரியல" என்று வைத்துவிடுவார்.

போன வருஷம் போபோ இறந்துபோனார். சிஸ்டர் எனக்குச் சொன்னார். அண்ணன் மகன் வந்து காரியங்களைச் செய்து, ஈப்போவுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றடியில் இருக்கும் சீன இடுகாட்டில் புதைத்துவிட்டுப் போனார். இதை ஃபோனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் பினாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, பாகான் செராய்க்கு வண்டியை விடச் சொன்னேன் என் வீட்டுக்காரரிடம்.

அறுவடைக் காலம். ஆலை வாசலில் நெல் லாரிகள் வரிசையாக நின்றன. உள்ளே ஆள் அனுப்பிக் காத்திருந்தேன். அக்கா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, புருவமெல்லாம் தவிட்டுத் தூசியோடு வந்தார். முடி நிறைய நரைத்திருந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்.

"கெழவியா?"

"ஆமாக்கா. போன வாரம்."

"கஷ்டப்பட்டுச்சா?"

"தூக்கத்துலயே."

"சோறு தின்னுச்சா கடைசியில?"

"கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டாங்களாம்."

வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்பார் என்று பயந்தேன். சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவர் கேட்கவில்லை. "சரி, உள்ள வேல கெடக்கு" என்று திரும்பி நடந்தார். ஆலைக்குள் போய் மறைந்துவிட்டார். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நான் காருக்கு வந்து கதவைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் இன்ஜினைப் போட்டார்.

அதற்குள் அக்கா வெளியே வந்துவிட்டார். தலைத் துண்டு இல்லை. செருப்பை மாற்றியிருந்தார். லாரிகளுக்கு நடுவே அதே கழுத்தை நீட்டிய நடையில் வேகமாக வந்து பின்கதவைத் திறந்து என் மகளைத் தள்ளி உட்காரச் சொல்லி ஏறிக்கொண்டார்.

"சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டேன். வா போலாம்."

"எங்கக்கா?"

"பொதச்ச எடத்துக்கு."

வண்டி பெரிய ரோட்டுக்கு வந்தது. இரண்டு பக்கமும் அறுத்த வயல். அக்கா முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கதவுப் பிடியைத் தொட்டார், கையை எடுத்தார், மறுபடியும் தொட்டார்.

"தம்பி, கொஞ்சம் வேகமாப் போங்க."

என் வீட்டுக்காரர் நிதானமான மனுஷர். கண்ணாடியில் அவரைப் பார்த்து, "எதுக்குக்கா அவசரம்? அவங்க எங்க போயிடப் போறாங்க?" என்றார்.

"அவங்க போவ மாட்டாங்கலா. நான் எறங்கிப் போயிடுவேன்" என்றார் அக்கா. "அதுக்குள்ள போங்க."